கீரைத் தண்ணீரையும் சந்தேகித்தவர்

எங்கள் தொழிற்சாலையில் கீரையைவிடக் கீரை கழுவிய தண்ணீருக்குத்தான் மரியாதை அதிகம். அதற்குக் காரணம் அவர்.

டெல்லி ஓக்லாவில், சமைத்த கறிவகைகளைப் பொட்டலத்தில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி அது. ராஜ்மா, கொண்டைக்கடலை, பாலக் கீரை என்று ஏழெட்டு வகை. நான் தரக்கட்டுப்பாட்டில் இருந்தேன். கீரையை உப்புத் தண்ணீரில் மூன்று முறை அலசுவோம். மூன்றாவது தண்ணீரை ஒரு வெள்ளைத் துணியில் வடிகட்டி, அடியில் விளக்கு எரியும் கண்ணாடிப் பெட்டி மேல் அந்தத் துணியை விரித்துப் போட்டால், அவர் வந்து குனிவார். கண்ணில் லென்ஸ், கையில் பல்குச்சி. கீரைப் பிரிவு முழுவதும் வேலையை நிறுத்திவிட்டு அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருக்கும். கடுகில் கால்வாசிகூட இல்லாத ஒரு பூச்சியைக் குச்சி நுனியில் ஏந்திக்கொண்டு நேராக என் மேசைக்கு வருவார்.

“யே கோன் சாஹப் ஹை?” என்பார்.

இந்தத் துரை யார் என்று என்னைக் கேட்டால்? நானா அவரை வேலைக்குச் சேர்த்தேன்? ஆனால் பதில் சொல்ல முடியாது. ஒரு பூச்சி என்றால் மறுபடி மூன்று அலசல். மூன்று பூச்சி என்றால் அந்த மூட்டைக் கீரை முழுவதும் வாசலோடு திரும்பிப் போகும்.

யூதர்களின் உணவு விதிக்கு கோஷர் என்று பெயர். பூச்சி கூடாது, ரத்தம் கூடாது, பாலும் இறைச்சியும் ஒரே பாத்திரத்தைப் பார்க்கக்கூடாது, அடுப்பை மூட்டுவதில் ஒரு யூதரின் கை இருக்க வேண்டும். இதையெல்லாம் மேற்பார்வை பார்த்து, சரி என்று முத்திரை போட ஒரு வெளிநாட்டு நிறுவனம் எங்கள் கம்பெனிக்கு வைத்த ஆள் அவர். எழுபதை நெருங்கும் வயது. சின்ன உருவம், பெரிய காது, தலையில் ஒரு துணித் தொப்பி. எங்களைப் போன்ற ஆள்தான். தெருவில் போனால் ஓய்வுபெற்ற ரயில்வே குமாஸ்தா என்று சொல்லிவிடலாம். அவர் ஓய்வுபெற்ற ரயில்வே குமாஸ்தாவேதான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

தினமும் காலையில் அவர் வந்து பொத்தானை அழுத்தினால்தான் பாய்லர் எரியும். மாலையில் அந்தப் பொத்தான் பெட்டியின் மேல் தன் கையெழுத்துப் போட்ட காகிதத் துண்டை ஒட்டிவிட்டுப் போவார். சரக்கறைக் கதவுக்கு அது போதாது என்று, தன் தலைமுடி ஒன்றைப் பிடுங்கிக் கதவு இடுக்கில் பசை போட்டு ஒட்டுவார். தலையில் மிச்சமிருந்ததே கொஞ்சம். அதிலும் தினம் ஒன்று கம்பெனிக்குத் தானம். பெரிய பூட்டாகப் போட்டுவிடலாமே என்று மேலாளர் கேட்டதற்கு, பெரிய பூட்டைப் பார்த்தால்தான் உள்ளே ஏதோ இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், எதையாவது காக்க வேண்டுமானால் காக்கிறோம் என்றே காட்டிக்கொள்ளக்கூடாது என்றார்.

எனக்கு அவரைக் கண்டாலே எரிச்சல். சாப்பாட்டு வேளையில் மோதி பாக் வீட்டிலிருக்கும் அம்மாவுக்கு போன் போட்டு, தமிழில் தாராளமாகத் திட்டித் தீர்ப்பேன். இன்றைக்கும் வந்துவிட்டது அந்தச் சந்தேகப் பிராணி, தன் நிழலையே இரண்டு தரம் திரும்பிப் பார்க்கும் ஜென்மம் என்று ஒருநாள். இந்த ஆள் கல்யாணத்தன்று மணப்பெண்ணையும் லென்ஸ் வைத்துத்தான் பார்த்திருப்பார் என்று இன்னொரு நாள். அடுத்த மேசையில் அவர் தன் எவர்சில்வர் தம்ளரில் கறுப்புத் தேநீரைக் குடித்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். கம்பெனியில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காதவர் அவர். தம்ளர், தேயிலை, தண்ணீர் எல்லாம் வீட்டிலிருந்து வரும்.

இப்படி நாலு மாதம் போனது. ஒருநாள் நான் போனை வைத்ததும் அவர் தம்ளரைக் கீழே வைத்தார்.

“அம்மாவுக்கு முட்டிவலி இப்ப எப்படிம்மா இருக்குது?” என்றார்.

என் கையிலிருந்த சப்பாத்தி அப்படியே நின்றது. பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து பத்தொன்பது வயது வரை அங்கே வளர்ந்தவராம். அப்பா லோகோ ஷெட்டில் ஃபிட்டர். வீட்டில் மராத்தி, தெருவில் தமிழ். அதை ஏன் முதல்நாளே சொல்லவில்லை என்று நான் கோபமாகத்தான் கேட்டேன்.

“சொல்லியிருந்தா நீ உண்மைய பேசியிருப்பியாம்மா?” என்றார். “நாலு மாசத்துல கம்பெனியப் பத்தி நீ உங்கம்மாகிட்ட ஒரு பொய் சொல்லல. அத நான் நோட் பண்ணிக்கிட்டேன்.”

திட்டியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என் அம்மாவுக்கு இது சரிப்படவில்லை. அம்மா திருநெல்வேலிக்காரி, நாற்பது வருட டெல்லி வாசத்தில் இந்தியைக் கற்றுக்கொண்டாளே தவிர, ஆட்களை எடைபோடும் வழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. “நாலு மாசமாவா ஒட்டுக் கேட்டுட்டு இருந்தாரு? அந்த ஆளு பக்கமே போவாதட்டி” என்றாள்.

நான் போகத்தான் செய்தேன், ஆனால் வேவு பார்க்க. அன்றிலிருந்து நானும் அவரைக் கவனிக்க ஆரம்பித்தேன். ஊரையே சந்தேகப்படுகிற ஆளிடம் ஏதோ இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. கோல் மார்க்கெட் பக்கம் வீடு என்பார். ஆனால் கம்பெனி வண்டியை அந்த வட்டச் சந்தையிலேயே நிறுத்தச் சொல்லி இறங்கிக்கொள்வார். வண்டி கண்ணை விட்டு மறையும்வரை நகரமாட்டாராம். ஓட்டுநர் பையா சொல்லிச் சிரிப்பான். சனிக்கிழமை அவர் எங்கே போகிறார் என்று யாருக்கும் தெரியாது. ஒரு சனிக்கிழமை நான் பேருந்தில் இந்தியா கேட் பக்கம் போனபோது, அவர் நடைபாதையில் போய்க்கொண்டிருந்தார். வெயில் மண்டையைப் பிளக்கிறது. கையில் பை இல்லை, குடை இல்லை. சட்டைப்பை தட்டையாகக் கிடந்தது. இடது மணிக்கட்டில் மட்டும் கைக்குட்டையை முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தார். எவனுக்கோ அடையாளம் காட்டுகிற மாதிரி இருந்தது எனக்கு. திங்கட்கிழமை கேட்டேன்.  நான் எந்தப் பேருந்தில், எந்தப் பக்க ஜன்னலில் உட்கார்ந்திருந்தேன் என்று என்னைத்தான் விசாரித்தார்.

இந்த ஆள் போலி என்று முடிவே செய்துவிட்டேன். அந்த முடிவை அவரே உடைத்தார். ஒரு வாரம், குழம்பில் எண்ணெய் பிரிந்து மிதக்காமலிருக்கச் சேர்க்கும் ஒரு பசைப் பொருள் புது டின்னில் வந்தது. சீட்டு சரி, முத்திரை சரி, சைவம் என்று காட்டும் பச்சைப் புள்ளிகூட இருந்தது. அவர் சீட்டைப் பார்க்கவில்லை. நேராக வாசலுக்குப் போய்க் காவலாளியின் வண்டிப் பதிவேட்டை வாங்கிப் புரட்டினார். வழக்கமாக வரும் வண்டி வரவில்லை, வேறு எண் வந்திருக்கிறது. அந்த நூலைப் பிடித்துக்கொண்டே போனார். இரண்டாம் நாள் விஷயம் வெளியே வந்தது: அந்த டின்னில் இருந்தது மாட்டுக் கொழுப்பிலிருந்து எடுத்தது. விற்றவன் சீட்டை மட்டும் மாற்றியிருக்கிறான். மூன்று தலைமுறையாக முட்டைகூட ஏறாத வீடு எங்களுடையது. ருசி பார்ப்பதுதான் என் வேலை. அவர் இல்லையென்றால் அந்தக் குழம்பை நான் தினம் இரண்டு கரண்டி குடித்திருப்பேன். நன்றி சொல்லப் போனேன். அவர் என்னிடம், டின்னை முதலில் திறந்தது யார், அப்போது நான் எங்கே நின்றேன் என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

பாய்லரில் அழுத்தம் ஏற இருபது நிமிடம் ஆகும். அவர் அங்கேயே ஒரு முக்காலியில் உட்கார்ந்து முள்ளைப் பார்த்துக்கொண்டிருப்பார். கொழுப்பு விவகாரத்துக்குப் பிறகு நானும் போய் நிற்க ஆரம்பித்தேன். அந்த இருபது நிமிடங்களில்தான் தன் மதத்தின் கதையைத் துண்டு துண்டாகச் சொன்னார். புத்தகத்தில் இருப்பது போல வரிசையாக அல்ல. யார் யாரைச் சந்தேகப்பட்டார்கள் என்ற வரிசையில்.

ஆதியில் அவர்களுக்கு ஒரே கோயில் இருந்ததாம். பூசாரிகள், பலி, தூபம் எல்லாம் உண்டு. அதை ரோமர்கள் இடித்துவிட்டார்கள். கோயில் போனால் மதம் போய்விடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் ஆசிரியர்கள் சிலர் உட்கார்ந்து, பலிபீடத்துக்குப் பதில் இனி சாப்பாட்டு மேசை, பூசாரிக்குப் பதில் இனி படிப்பு என்று மாற்றிக்கொண்டார்கள். தலைமுறை தலைமுறையாக விதிகளைப் பற்றி வாதாடினார்கள். அந்த வாதங்களையெல்லாம் எழுதி வைத்தார்கள்.

“தோத்தவன் சொன்னதையும் விடாம எழுதினாங்கம்மா” என்றார். “ஏன்னா ஜெயிச்சவன் மேலயும் டவுட்டு.”

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வந்த பெருமையை நான் வேறு எதற்கும் பார்த்ததில்லை.

பிறகு ஐரோப்பாவில் அவர்களை அடைத்து வைத்திருந்த தெருக்களின் கதவுகள் திறந்தன. நீயும் இந்த நாட்டுக் குடிமகன்தான், வெளியே வா என்றார்கள். வெளியே வந்தவர்களில் சிலர், காலம் மாறிவிட்டது, நாமும் மாறுவோம் என்றார்கள். ஊர்மொழியில் பிரார்த்தனை, கூடத்தில் இசைப்பெட்டி, ஆணும் பெண்ணும் ஒன்றாக உட்காருவது, சாப்பாட்டு விதியெல்லாம் அவரவர் விருப்பம். இவர்கள் ஒரு கட்சி. அதைப் பார்த்துப் பயந்த இன்னொரு கட்சி, ஓர் எழுத்தும் மாறக்கூடாது என்று முடிச்சை இன்னும் இறுக்கியது. விதி மாறலாம், ஆனால் விதியின் வழியிலேயே மெதுவாக மாற வேண்டும் என்று நடுவில் ஒரு மூன்றாவது கட்சி. இன்றுவரை அப்படித்தானாம். ஒரு கட்சி செய்து வைத்த கல்யாணத்தை இன்னொரு கட்சி ஒப்புக்கொள்ளாது.

எங்கள் வீட்டில் சிவனுக்கும் விளக்கு, வேளாங்கண்ணிக்கும் மெழுகுவர்த்தி. எனக்கு இது கதையாகத்தான் இருந்தது. எல்லாம் ஒரே சாமிதானே சார் என்றேன். அவர் முள்ளிலிருந்து கண்ணை எடுத்து என்னை ஒரு பார்வை பார்த்தார். மறுபடி முள்ளுக்குத் திரும்பினார். அந்த மூன்றில் நம் முத்திரை நிறுவனம் எந்தக் கட்சி என்று அன்றைக்கே நான் கேட்டிருக்க வேண்டும். எனக்குத் தோன்றவில்லை.

அவருடைய ஆட்கள் இந்த மூன்றிலும் சேர்த்தி இல்லை. கொங்கணக் கடற்கரையில் செக்காட்டி எண்ணெய் எடுத்தவர்கள். புத்தகம் தொலைந்து, மொழி மறந்து, எத்தனை நூற்றாண்டுகளோ ஊரோடு ஊராகக் கலந்து கிடந்தார்கள். சனிக்கிழமை மட்டும் செக்கு ஓடாது. ஏனென்று கேட்டால் தெரியாது. வெளியூரிலிருந்து வந்த ஒரு யூதர் இவர்கள் நம்மவர்கள்தானா என்று சோதிக்க, கூடை மீனைப் பெண்கள் முன்னால் கொட்டினாராம். செதில் இல்லாத மீனையெல்லாம் பெண்கள் தனியே ஒதுக்கி வைத்தார்கள். அது யூத விதி.

“அன்னிக்கு பாஸ் பண்ணிட்டோம்” என்றார். “ஆனா எக்ஸாம் நிக்கவே இல்லம்மா.”

அதற்கு மேல் அவர் சொன்னது ஒரே ஒரு நாள். அதுவும் முள்ளைப் பார்த்தபடியே. அவருடைய இருபதாவது வயதில் குடும்பம் இஸ்ரேலுக்குப் போயிருக்கிறது. அக்காவுக்கு அங்கேயே ஒரு மாப்பிள்ளை. கல்யாணத்தைப் பதியப் போன இடத்தில், உங்கள் ஆட்கள் கலப்பில்லாதவர்கள் என்று எப்படி நம்புவது என்று கேட்டார்கள். அம்மா யார், அம்மாவின் அம்மா யார், அவளுக்கு யார் கல்யாணம் செய்து வைத்தது? பெரம்பூரிலிருந்து போனவர்கள் எந்தக் காகிதத்தைக் காட்டுவார்கள்? அவருடைய ஜனங்கள் தெருவில் உட்கார்ந்து போராடினார்கள். பின்னால் அந்த விதியைத் தளர்த்தினார்கள். ஆனால் அதற்குள் மாப்பிள்ளை வீடு காத்திருக்கவில்லை. அக்காவுக்குக் கல்யாணமே நடக்கவில்லை. இவர் மட்டும் கப்பலேறித் திரும்பி, ரயில்வே வேலையில் சேர்ந்து டெல்லிக்கு வந்துவிட்டார்.

“இப்ப அதே ஊர்ல, இந்தப் பொட்டலத்துல என் கையெழுத்தப் பாத்துட்டுத்தான் சாப்புடுறாங்க” என்றார். “புரியுதாம்மா? நான் பாத்தா சரின்னு அவங்க ஒத்துக்கிட்டாங்க.”

புரிந்தது. சம்பளத்துக்காக அவர் இந்த வேலைக்கு வரவில்லை என்பதும், தலைமுடியைப் பிடுங்கிக் கதவில் ஒட்டுகிறவரைப் பார்த்து நாங்கள் சிரித்தது எவ்வளவு கேவலம் என்பதும் புரிந்தது. 

இது நடந்து ஒரு வருடத்துக்குள் அவர் மனைவி காலமாகிவிட்டார். கம்பெனியில் யாரையும் வீட்டுக்கு வரச் சொல்லவில்லை. ஏழு நாள் வரவில்லை; அந்த ஏழு நாளும் பாய்லர் எரியவில்லை. அடுத்த வருடம் ஒரு வெள்ளிக்கிழமை, யாரும் அருகில் இல்லாத நேரமாகப் பார்த்து என் மேசைக்கு வந்தார்.

“நாளைக்கு எங்க கூடத்துல என் பொண்ணு வேதம் படிக்கிறா. அவங்கம்மா வருஷம் வருது. நீ வாம்மா” என்றார். “வேற யாரையும் கூப்பிடல.”

மகள் அமெரிக்காவில் இருந்தாள்; இதற்காகவே வந்திருந்தாள். நான் இந்தியா கேட் அருகே அவர்களுடைய சின்னப் பிரார்த்தனைக் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, அப்பாவும் மகளும் கோல் மார்க்கெட்டிலிருந்து நடந்தே வந்து சேர்ந்தார்கள். சனிக்கிழமை வண்டி ஏறக்கூடாது, வெளியில் எதையும் கையில் தூக்கிப் போகவும் கூடாது. உடுத்தியிருப்பதற்கு மட்டும் தடையில்லை. அதனால் கைக்குட்டையும் மணிக்கட்டில் ஓர் உடுப்பாகிவிடுகிறது. இரண்டு வருடமாக நான் துப்புத் துலக்கிக்கொண்டிருந்த மர்மம் அவ்வளவுதான்.

உள்ளே மொத்தம் பதினைந்து பேர் இருந்திருப்போம். அவரைத் தவிர எல்லோரும் கலகலப்பான மனிதர்கள். செயலாளராக இருந்த ஒரு வக்கீல் எனக்கு நாற்காலி போட்டுக்கொடுத்துவிட்டு, உங்களைப் பற்றி அவர் நல்லதாகவே சொல்லியிருக்கிறார், இது சாதாரண விஷயமில்லை என்று இந்தியில் கிண்டலடித்தார். ஆணும் பெண்ணும் கலந்துதான் உட்கார்ந்தோம். டெல்லியில் இருப்பதே கைவிரல் எண்ணிக்கை. ஆண்கள் பத்துப் பேர் சேர்ந்தால்தான் பிரார்த்தனை என்றால் பல வாரம் கூடம் திறக்கவே முடியாது, அதனால் நாங்கள் பெண்களையும் சேர்த்தே எண்ணுகிறோம் என்றார் வக்கீல்.

மகள் மேடையேறி, வேதம் எழுதிய தோல் சுருளை விரித்து ராகமாகப் படித்தாள். எனக்கு ஓர் எழுத்தும் புரியவில்லை. நான் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்று, கீரைத் துணியில் குனிவது போலவே குனிந்து, மகளின் ஒவ்வொரு சொல்லையும் கண்ணால் தொடர்ந்துகொண்டிருந்தார். தப்பு வந்தால் திருத்துவதற்காம். தப்பு வரவில்லை. முடிந்ததும் மணிக்கட்டுக் கைக்குட்டையின் முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகள் அவர் தோளில் சாய்ந்தாள். சந்தேகமே இல்லாத முகமாக அவரை நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

அந்த மகிழ்ச்சி என்னைச் சும்மா இருக்க விடவில்லை. இரண்டு மாதம் கழித்து முத்திரை நிறுவனத்திலிருந்து ஓர் இளைஞர் ஆய்வுக்கு வந்தார். கறுப்புத் தொப்பி, கறுப்புக் கோட்டு, ஓக்லாவின் ஜூன் மாதத்திலும் கழற்றவில்லை. மென்மையான மனிதர். இரண்டு நாள் எங்கள் பெரியவருடன் சேர்ந்து எல்லாக் கணக்கேட்டையும் பார்த்துவிட்டு, கடைசியில் தனியாக என் அறைக்கு வந்தார். மேற்பார்வையாளரின் ஒழுக்கம் பற்றிக் கம்பெனியிலிருந்து ஒருவரைக் கேட்பது அவர்கள் வழக்கமாம். உங்களுக்குத் தெரிந்தவரை அவர் ஓய்வுநாளைக் கடைப்பிடிக்கிறாரா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

ஆமாம் என்று ஒரு சொல்லோடு நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை. இத்தனை நாள் அவரைப் போலி என்று நினைத்த பாவத்துக்கெல்லாம் அன்றைக்கே பரிகாரம் செய்துவிடுவது என்று இறங்கிவிட்டேன். வெயிலில் நடந்தே போவார் என்றேன். கண்ணால் பார்த்த சாட்சி நான் என்றேன். எங்கள் வீட்டில் ஒரு பெண்பிள்ளை தேவாரம் பாடினால் அப்பாவுக்கு அதைவிடப் பெருமை கிடையாது. அந்த நினைப்பில், அவர் மகள் எவ்வளவு அழகாக வேதம் படித்தாள் தெரியுமா, அப்பா பக்கத்தில் நின்று கண் கலங்கினார் என்றும் சொன்னேன். இளைஞரின் பேனா நின்றது. யார் படித்தது என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். பெண்கள் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்டார். எல்லோரும் ஒன்றாகத்தான், ஒரு குடும்பம் போல என்றேன். நன்றி சொல்லிவிட்டு எழுதிக்கொண்டு போனார். அன்று மாலை அம்மாவிடம், அந்த மனுஷனுக்கு என்னால் ஒரு நல்லது நடக்கப்போகிறது என்று போனில் சொன்னேன்.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டுப் படித்து விளக்கச் சொன்னார். ஆணும் பெண்ணும் ஒன்றாக உட்கார்ந்து, பெண்கள் சுருளைப் படிக்கும் இடத்தில் தொழுகிறவரை எங்கள் நெறிப்படி மேற்பார்வையாளராக ஏற்க இயலாது என்று அதில் இருந்தது. யார் சொன்னது என்று இல்லை. சொற்கள் மட்டும் என்னுடையவை. ஓர் எழுத்தும் மாறக்கூடாது என்ற கட்சிதான் அந்த நிறுவனம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இன்னொரு வரியும் இருந்தது: கடந்த ஒரு வருடத்தில் அவர் பார்த்து முத்திரையிட்ட சரக்கையெல்லாம் மறுபரிசீலனை செய்யும்வரை விற்கக்கூடாது. துறைமுகத்திலிருந்த சரக்குப் பெட்டி நின்றுபோனது. ஒரு வருடமாக அவர் லென்ஸில் பார்த்ததெல்லாம் பார்க்காததாகிவிட்டது.

மறுநாள் அவர் சாவிகளையும் வெள்ளை அங்கியையும் ஒப்படைக்க வந்தார். எல்லாவற்றுக்கும் ரசீது வாங்கிக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தார்.

நிறுவனத்தின் மேல் அவருக்குக் கோபமில்லை. அவர்கள் விதி அவர்களுக்கு, அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் இதையேதான் செய்திருப்பேன் என்றார். கேள்வி, யார் சொன்னார்கள் என்பதுதான். இரண்டு நாளாகத் தூங்காமல் ஒவ்வொருவராக ஆராய்ந்திருக்கிறார். ஓட்டுநருக்குக் கோல் மார்க்கெட்டுக்கு மேல் தெரியாது. வக்கீல் வாயாடி, ஆனால் அந்த இளைஞரைச் சந்திக்கவில்லை. என்னை அவர் கணக்கிலேயே சேர்க்கவில்லை. மீதி ஒரே ஆள்தான். முந்தின நாள் கூடத்தில் படித்துப் பார்த்தபோது எடுத்த படங்களை மகள் இணையத்தில் போட்டுவிட்டாள் என்பது அவர் முடிவு. போடவில்லை அப்பா, தோழிகளுக்கு மட்டும் அனுப்பினேன் என்று அவள் அழுதிருக்கிறாள்.

“அவ போட்டதுதாம்மா. அங்க அவ சேந்திருக்கிறது அந்த மாறுவோம்ங்கிற கட்சி, எங்கப்பாவும் நம்ம பக்கம்னு காட்டணும் அவளுக்கு” என்றார். “அக்காவுக்கு அப்புறம் இப்ப நான். இந்தத் தடவ வெளி ஆள் இல்ல, பெத்த பொண்ணு. இனிமே போன் பண்ணாதன்னு சொல்லிட்டேன்.”

மேசையைப் பிடித்துக்கொண்டு, நான்தான் சார் சொன்னேன் என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். தேவாரத்தைக்கூட விடவில்லை. சொல்லி முடிக்கும்போது அழுதுகொண்டிருந்தேன்.

அவர் அழவிட்டார். பிறகு சட்டைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்துப் பிரித்து, டின்னைத் திறந்தது யார் என்று விசாரித்த அதே குரலில் கேட்க ஆரம்பித்தார். எந்த நாற்காலியில் உட்கார்ந்தான்? நான் காட்டினேன். நீ டீ கொடுத்தியா? கொடுத்தேன், குடிக்கவில்லை, சொந்த பாட்டிலில் தண்ணீர் குடித்தார் என்றேன். தலையாட்டிக்கொண்டார்.

“எந்தக் கையால எழுதினான்?”

எனக்கு நினைவில்லை. நினைவில்லை என்று சொன்னால் நம்பமாட்டார் என்ற பயத்தில், வலது கை என்றேன்.

அவர் குறிப்பேட்டை மூடினார்.

“அவன் இடது கைக்காரன்ம்மா. ரெண்டு நாள் பக்கத்துல உக்காந்து எழுதினத நான் பாத்தேன்” என்றார். குரலில் கோபமே இல்லை; அதுதான் பயமாக இருந்தது. “அவ உனக்கு போன் பண்ணாளா? பழிய நீ ஏத்துக்கச் சொன்னாளா? பரவால்ல. உனக்குப் பொய் சொல்ல வரல. அத நான் நாலு மாசத்துலயே நோட் பண்ணிட்டேன்.”

எவ்வளவோ சொன்னேன். அவர் எழுந்து, வாசலில் காவலாளியிடம் தன் பையைத் தானே பிரித்துக் காட்டி, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு நான் மூன்று கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. இரண்டு வருடம் கழித்து, அவர் இறந்துவிட்டார் என்று வக்கீல் சொல்லித்தான் தெரியும். கூடத்துக்குப் போனபோது மகள் வந்திருந்தாள். கடைசிவரை அப்பா போனை எடுக்கவில்லை என்றாள். என்னை அடையாளம் கண்டதும் எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். எனக்காக நீங்கள் பழியைத் தலையில் போட்டுக்கொண்டீர்களாமே, அப்பா வக்கீல் அங்கிளிடம் சொல்லியிருக்கிறார், இந்த ஊரில் எனக்காக அப்படிச் செய்ய ஒருவர் இருந்தது போதும் என்றாள். வக்கீல் அருகில் நின்று தலையசைத்துக்கொண்டிருந்தார். அவள் கை சில்லென்றிருந்தது.

இந்த முறை நான் எதுவும் சொல்லவில்லை.